அக்காவின் பத்து லட்சம் கிலோமீட்டர்

என் அக்காவின் காரில் யாரும் ஏற முடியாது, இறங்கத்தான் முடியும். இருக்கை தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் இருக்கிறது. முதலில் ஒரு காலை நீட்டி உள்ளே விட வேண்டும். பிறகு இடுப்பை இறக்க வேண்டும். கடைசியில் மிச்சக் காலை மடக்கி, கையால் இழுத்து உள்ளே போட்டுக்கொள்ள வேண்டும். ஆறடி இரண்டு அங்குலம் வளர்ந்த எனக்கு அது வாகனம் இல்லை, தண்டனை. இரண்டே இருக்கை, துணிக் கூரை, நீண்ட மூக்கு. மழை பெய்தால் கூரை ஒழுகும், ஆனால் ஓட்டுகிறவர் பக்கம் ஒரு சொட்டு விழாது. "ஸ்போர்ட்ஸ் கார்னா அப்படித்தாண்டா இருக்கும்" என்பாள். எனக்கு ஐம்பத்தைந்து வயது, பள்ளியில் கணக்கு வாத்தியார். என் முழங்காலைப் பற்றி அவளுக்கு என்றைக்குமே கவலை இருந்ததில்லை.

அக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் காரில்தான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது, என்ன செய்வது. அவள் எடை அளவுத் துறையில் ஆய்வாளர். கடைத் தராசு, பெட்ரோல் பங்க் குழாய், டாக்சி மீட்டர், எதுவானாலும் அவள் சோதித்து ஈய முத்திரை குத்தினால்தான் செல்லும். முப்பத்தைந்து வருடமாக இதே வேலை. சுற்றுவட்டாரத்துக் கடைக்காரர்கள் அவளை முத்திரையம்மா என்பார்கள். அந்த நீலக் கார் தெருமுனையில் திரும்பும் சத்தம் கேட்டாலே தராசுத் தட்டைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்கள். கிலோவுக்கு ஐந்து கிராம் குறைந்தாலும் விடமாட்டாள். ஒருமுறை எங்கள் சொந்தச் சித்தப்பாவின் மளிகைக் கடைத் தராசைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். சித்தப்பா செத்துப்போகும்வரை எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை.

துறை அவளுக்கு ஜீப் கொடுத்தது. அதை மற்றவர்களுக்கு விட்டுவிட்டு, இருபத்துநான்கு வயதில் பழையதாக வாங்கிய இந்தக் காரில்தான் ஊர் ஊராகப் போனாள். வாங்கும்போதே அது நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியிருந்தது. இன்ஜினை இரண்டு தடவை இறக்கிக் கட்டியாயிற்று. நான்கு கூரைத் துணி மாற்றியாயிற்று. கிளச் தட்டு எத்தனை என்று அவளுக்கே நினைவில்லை. வேகம் காட்டும் முள் செத்துப் பல வருடமாகிறது. இன்ஜின் சத்தத்தை வைத்தே வேகத்தைச் சொல்லிவிடுவாள். தூரம் காட்டும் எண்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன, அவளுக்கு அது போதும்.

அந்த மீட்டரில் ஐந்து இலக்கம்தான். தொண்ணூற்றொன்பதாயிரத்துச் சொச்சம் போனதும் எல்லாம் சுழியாகிவிடும். ஒவ்வொரு முறை சுழி வரும்போதும் காரை நிறுத்தி ஒரு போட்டோ எடுத்து வீட்டு ஹாலில் மாட்டுவாள். போன வருடம் ஒருநாள் சும்மா இருக்காமல் நான் அதை எண்ணிப் பார்த்தேன். பத்துப் படங்கள் இருந்தன. "அக்கா, பத்து சுழி வந்தாச்சு, பத்து லட்சம் தாண்டியாச்சு!" என்று கத்திவிட்டேன். அக்கா பேயறைந்த மாதிரி நின்றாள். அவள் கணவர், அதாவது என் மாமா, கையிலிருந்த தண்ணீர் டம்ளரைத் தவறவிட்டார். முதல் படம் கார் வாங்கிய அன்று எடுத்தது, அதில் சுழியே இல்லை என்று கண்டுபிடிக்க எங்களுக்கு அரைமணி நேரம் ஆனது. நான் அசடு வழிந்தேன். அப்பாடா என்று அக்கா உட்கார்ந்தாள். மாமா மட்டும் ஏனோ அன்று முழுவதும் வியர்த்துக்கொண்டே இருந்தார்.

இவ்வளவு பதற்றம் ஏன் என்றால், பத்து லட்சம் என்பது அக்கா கொடுத்த வாக்கு. பதினைந்து வருடத்துக்கு முன்னால் ஈரச் சாலையில் கார் வழுக்கி ஒரு மரத்தில் போய் முட்டி நின்றது. காருக்கு மூக்கு நசுங்கியது, அக்காவுக்கு மூன்று விலா எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மாமா கெஞ்சினார்.

"போதும்மா. இந்த வண்டியை விட்டுடு. எனக்குப் பயமா இருக்கு."

அக்கா மூச்சு விடவே சிரமப்பட்டாள், ஆனாலும் பேரம் பேசினாள். "ஆறு லட்சம் ஓடிடுச்சுங்க. பத்து லட்சம் முடியட்டும். அன்னிக்கே சாவியைக் கொடுத்துடறேன். இது வாக்கு."

பழைய கார்களை வைத்திருக்கும் காட்சிக்கூடம் ஒன்று அந்தக் காரை அப்போதே கேட்டுக்கொண்டிருந்தது. பத்து லட்சமானதும் அதை அங்கே அனுப்பிவிடுவது என்று முடிவாயிற்று. அக்கா சொன்னால் சொன்னதுதான், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. பத்து லட்சமாவது வருவதாவது என்று நான் மனதுக்குள் சிரித்துக்கொண்டேன்.

அது வந்தேவிட்டது. இந்த வருடம் மீட்டரில் 99,600 என்று வந்த அன்று காரைத் துணியால் மூடிவிட்டு ஜீப்பில் வேலைக்குப் போக ஆரம்பித்தாள். பால் வாங்க நடந்தாள், பல் வலிக்குப் பேருந்தில் போனாள். வீட்டுக்காரரே பல் செட் செய்கிறவர், முன்னறையிலேயே பட்டறை, இருந்தும் பல் டாக்டர் இருப்பது அடுத்த ஊரில்.

"என்னக்கா இது, காரை அடைகாக்கறியா?" என்று கேட்டேன்.

"நானூறு கிலோமீட்டர்தாண்டா மிச்சம் இருக்கு. அதைப் பல்லு வலிக்கெல்லாம் செலவு பண்ண முடியாது."

நானூறையும் எப்படி ஓட்டுவது என்று திட்டம் வைத்திருந்தாள். மாமாவோடு மலைக்கு ஒருநாள், கடலுக்கு ஒருநாள். கடைசிச் சுழி சரியாக வீட்டு வாசலில் விழ வேண்டும். அதைச் சொல்லும்போது சிரிப்பாள், உடனே முகம் வாடிவிடும். மாமா வாக்கு நிறைவேறப்போகிற சந்தோஷத்தில் இருக்க வேண்டிய ஆள், சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பார். "அவசரம் இல்லம்மா, மெதுவா ஓட்டலாமே" என்பார். நிறுத்து என்று கேட்டவரே இப்படிச் சொன்னால் என்ன அர்த்தம்? எனக்கு ஒன்றும் புரியவில்லை.

வாசலில் சுழி விழ வேண்டுமென்றால் மீட்டர் முந்துகிறதா பிந்துகிறதா என்று தெரிய வேண்டும். அதற்காக ஒரு சனிக்கிழமை காலை காரை அலுவலகத்துக்கு எடுத்துப் போனாள். மாமாவுக்கு அவசரமாக ஒரு பல் செட் முடிக்க வேண்டியிருந்ததால் துணைக்கு என்னை இழுத்துக்கொண்டாள். அலுவலகம் பக்கத்துத் தெருதான். தண்ணீர்த் தொட்டி வரை நேராகப் போகும் சாலையில் வெள்ளைக் கோடு போட்டு ஒரு கிலோமீட்டர் குறித்திருக்கும். டாக்சி மீட்டர்களைச் சோதிக்க அக்காவே இரும்பு நாடா பிடித்து அளந்து போட்ட கோடு அது. அன்று சோதனைக்கு வந்திருந்த டாக்சி ஒன்றையும் பின்னால் வரச் சொன்னாள். ஐந்து முறை போய், ஐந்து முறை வந்தோம். என் முழங்கால் டாஷ்போர்டில் பத்து முறை இடித்தது.

நிறுத்திவிட்டு மீட்டரைப் பார்த்தாள். 99,609.

"எண்றதுல தப்பு பண்ணிட்டடா. ஒன்பதுதான் ஓட்டியிருக்கோம்."

"அக்கா, நான் கணக்கு வாத்தியார். அஞ்சும் அஞ்சும் பத்து."

"அப்போ கோடு..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். கோடு போட்டது அவள்.

டாக்சிக்காரர் தலையை வெளியே நீட்டினார். "எனக்குப் பத்து கரெக்டா காட்டுதும்மா. போன தடவை நீங்க முத்திரை வெச்ச மீட்டர். உங்களுதுக்கு யாரு வெச்சாங்க?"

கேட்டவர் கிண்டலுக்குத்தான் கேட்டார். அக்காவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. மறு நிமிடமே அது அடங்கி, அவள் ஸ்டீயரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நெடுஞ்சாலைக்காரங்களுக்கு நான் எழுதின லெட்டர் ஞாபகம் இருக்காடா?"

எப்படி மறக்கும். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் நெடுஞ்சாலைத் துறைக்குக் காரசாரமாக ஒரு கடிதம் போட்டாள். உங்கள் கிலோமீட்டர் கல்லெல்லாம் நெருக்கி நெருக்கி நட்டிருக்கிறது, ஒவ்வொன்றிலும் நூறு மீட்டர் குறைகிறது, மக்களை ஏமாற்றுகிறீர்கள் என்று. அவர்கள் மறுபடி அளந்து பார்த்து, கல் சரியாகத்தான் இருக்கிறது என்று பதில் போட்டார்கள். அதையும் அவள் நம்பவில்லை. ஊர் உலகத்து அளவையெல்லாம் சந்தேகப்பட்டவள், தன் மூக்குக்கு நேரே இருந்த மீட்டரை மட்டும் ஒருநாளும் சந்தேகப்படவில்லை.

"கல்லு சரியாத்தான் இருந்திருக்கு" என்றாள். அதற்குமேல் காரைத் தொட மறுத்துவிட்டாள். அலுவலக ஷெட்டிலேயே அதை நிறுத்திவிட்டு அதே டாக்சியில் மெக்கானிக்கைப் பார்க்கப் போனோம்.

மெக்கானிக்கின் பட்டப்பெயர் காது. நீளமான ஸ்க்ரூடிரைவரை இன்ஜின்மேல் ஊன்றி, மறுமுனையில் காதை வைத்துக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவார். அக்கா விஷயத்தைச் சொன்னதும் அந்தக் காது கேட்காத மாதிரி பாவனை செய்தார்.

"பத்துக்கு ஒன்பது காட்டுது. எப்போலேருந்து?" என்றாள் அக்கா.

"பழைய வண்டிம்மா. கொஞ்சம் அப்படி இப்படித்தான்..."

"எப்போலேருந்து?"

அந்தக் குரலுக்கு முன்னால் பெரிய பெரிய பங்க் முதலாளிகளே நின்றதில்லை. காது கையைத் துடைத்துக்கொண்டார். "பின்சக்கரத்தைச் சுத்த வைக்கிற கிரவுன் சக்கரத்துல பல்லு உடைஞ்சு ஒரு மாசம் வண்டி இங்க கிடந்துதே, அப்போலேருந்து. அதே அளவுல கிரவுன் கிடைக்கல. வேற கிரவுன் போட்டேன். அதுல வண்டி பத்து போனா மீட்டருக்கு ஒன்பதுதான் தெரியும். அதைச் சரி பண்ண மீட்டரை ஓட்டற சின்ன பல்சக்கரம், பினியன்னு சொல்வோம், அதை மாத்தணும்."

"ஏன் மாத்தல?"

"வாங்கி வெச்சிருந்தேன்மா. அவர் வேண்டாம்னுட்டாரு."

"யாரு?"

"உங்க வீட்டுக்காரர்."

கிரவுன் உடைந்தது பதினான்கு வருடத்துக்கு முன்னால். அப்போது மொத்தம் ஆறு லட்சத்து நாற்பதாயிரம் ஓடியிருந்தது என்று அக்காவுக்கு நினைவிருந்தது. அதற்குப் பிறகு மீட்டர் காட்டியது மூன்று லட்சத்து அறுபதாயிரம். உண்மையில் ஓடியது நான்கு லட்சம். டாக்சியில் வரும்போதே நான் கணக்குப் போட்டுவிட்டேன், போட்டதை மென்று விழுங்கவும் பார்த்தேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"எவ்வளவுடா?"

"பத்து லட்சத்து நாப்பதாயிரம், கிட்டத்தட்ட."

"அப்போ பத்து லட்சம் முடிஞ்சு ஒன்றரை வருஷம் ஆச்சு." காரை நிறுத்தச் சொன்னவர் மாமா. நிறுத்த வேண்டிய நாள் வந்தது தெரியாமல் செய்தவரும் மாமா. தனக்கே தண்ணி காட்டிக்கொள்ளும் மனிதன் உலகத்தில் உண்டா?

மாமா முன்னறையில் மேல்வரிசைப் பற்களை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். மேசை முழுக்க வெள்ளைத் தூள், யார் யாருடையவோ பல் அச்சுகள். நான் அப்படியே நழுவப் பார்த்தேன். "நீ உட்காரு" என்றாள் அக்கா. உட்கார்ந்தேன். அவள் உட்காரவில்லை. மாமாவுக்கு எதிரே நின்று, கடைக்காரர்களைக் கேட்பது போலவே கேட்டாள்.

"மீட்டர் பினியன் விஷயம். தெரிஞ்சு நடந்ததா, தெரியாம நடந்ததா?"

மாமா கையிலிருந்த பற்களை மெல்லக் கீழே வைத்தார். மறுக்கவில்லை. பாவம், அவருக்குப் பொய் சொல்ல வராது.

"தெரிஞ்சுதான்."

"ஏங்க?"

"அன்னிக்கு ஆஸ்பத்திரியில பயத்துல கேட்டுட்டேம்மா. கேட்டது தப்புன்னு அடுத்த வருஷமே தெரிஞ்சு போச்சு. கிரவுன் உடைஞ்சு வண்டி இல்லாம ஒரு மாசம் இருந்தியே, வீட்ல யார்கிட்டயும் பேசல. எட்டு மணிக்கே விளக்கை அணைச்சிட்டுப் படுத்துக்கிட்டே. என்கிட்ட ஆறு வார்த்தை சேர்ந்தாப்ல பேசல."

"என்கிட்டச் சொல்லியிருக்கலாமே. வாக்கு வேண்டாம்னு."

"சொன்னேனே! மறந்துட்டியா? வாக்கெல்லாம் விடும்மான்னு சொன்னதுக்கு ரெண்டு நாள் எனக்குச் சாப்பாடு போடல நீ. வாக்கு என்ன, வாடகைக்கு எடுத்த நாற்காலியா, நினைச்சா திருப்பிக் கொடுக்கன்னு கத்தினே. அப்புறம் நான் என்ன பண்ண? மெக்கானிக் வந்து பினியனைக் காட்டி, இதை மாத்தலைன்னா மீட்டர் குறைவா ஓடும்னான். குறைவா ஓடினா பத்து லட்சம் லேட்டா வரும். எனக்கு அவ்வளவுதான் தோணிச்சு."

"உங்களுக்குப் பயம் போயிடுச்சா?"

"எங்க போச்சு. ஞாயித்துக்கிழமை நாம ஊர் சுத்தப் போறப்பல்லாம் ஒவ்வொரு வளைவுலயும் கதவைப் பிடிச்சுக்கிட்டுத்தான் உட்கார்ந்திருக்கேன்." மாமா மேசையிலிருந்த தூளை விரலால் ஒதுக்கினார். "ஆனா நீ பேசறது அந்த வண்டில மட்டும்தாம்மா. வீட்ல நீ முத்திரையம்மா. வண்டில உட்கார்ந்தா, அந்தக் கடைக்காரன் இப்படி முழிச்சான், இந்தக் கடைக்காரன் அப்படி ஓடினான்னு சிரிச்சுக்கிட்டே வருவே. எனக்கு அது வேணும்னு இருந்துது."

அக்கா ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள். நான் பல் அச்சு ஒன்றைக் கையில் எடுத்து, எதற்கு எடுத்தேன் என்று தெரியாமல் திரும்ப வைத்தேன். அவள் கத்தப்போகிறாளா, அழப்போகிறாளா? அளவில் கைவைத்தவர்களை அவள் மன்னித்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை. சித்தப்பாவையே விடாதவள்.

"முப்பத்தஞ்சு வருஷத்துல குறைச்சு அளந்தவனைத்தான் பார்த்திருக்கேன்" என்றாள் கடைசியில், எங்கள் பக்கம் திரும்பாமலே. "ஒன்பதுன்னு சொல்லிட்டு பத்து கொடுத்தவனை ஒருநாளும் பார்த்ததில்ல. அவனை என்ன பண்ணணும்னு எங்க சட்டப் புத்தகத்துல எழுதல."

மாமா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் செய்தது ஏமாற்றா, கொடையா? அன்றும் எனக்குத் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. கணக்கில் வேறு எந்த விஷயத்திலும் நான் இவ்வளவு முழித்ததில்லை.

அவர் மன்னிக்கப்பட்டார், சரி. வாக்கு? மலைக்கும் கடலுக்கும் போய்விட்டு வந்து கொடுக்கலாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். மீட்டரில் சுழி வரட்டும் என்று மாமாவும் சொன்னார். அக்கா கேட்கவில்லை. தெரியாமல் ஓட்டியது வேறு, தெரிந்தபின் ஒரு மீட்டர் ஓட்டினாலும் அது வேறு என்று சொல்லிவிட்டாள். மறுநாளே காட்சிக்கூடத்துக்குப் போன் செய்தாள்.

அடுத்த வியாழக்கிழமை லாரி வந்தது. அலுவலக ஷெட்டிலிருந்து காரைத் தள்ளியே லாரியில் ஏற்றினார்கள். நானும் மூக்கைப் பிடித்து ஒரு கை கொடுத்தேன். என்னை அத்தனை வருடம் வதைத்த வண்டி போகிறதே என்று சந்தோஷப்பட நினைத்தேன், முடியவில்லை. மாமா பல் பட்டறையைப் பூட்டிவிட்டு வந்து, பயணி பக்கத்துக் கதவருகே லாரியை ஒட்டி நின்றார். அக்கா பதறாமல் சாவியையும் காகிதங்களையும் காட்சிக்கூட மேலாளரிடம் கொடுத்தாள்.

மேலாளர் பேனாவை எடுத்தார். "முன்னாடி வைக்கிற பலகையில எழுதணும்மா. மொத்தம் எவ்வளவு ஓடியிருக்கு?"

நான் கணக்கைக் காகிதத்தில் துல்லியமாகப் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். அக்காவுக்குத் துல்லியம்தானே உயிர். சட்டைப் பையிலிருந்து அதை எடுக்கப் போனேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"மீட்டர்ல என்ன இருக்கோ அதை எழுதுங்க. ஒன்பது சுழி வந்திருக்கு. ஒன்பது லட்சத்துத் தொண்ணூத்தொன்பதாயிரத்து அறுநூத்து ஒன்பது."

"அட, நானூறுக்குள்ளதானே குறையுது. பத்து லட்சம்னே போட்டுடலாம்மா, பார்க்கறவங்களுக்கு நல்லா இருக்கும்."

"அப்படிப் போடாதீங்க" என்றாள் அக்கா. மாமாவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "பத்து லட்சம் இன்னும் ஆகல."

அவள் வாயிலிருந்து நான் கேட்ட முதல் பொய் அளவு அது. மேலாளர் எழுதிக்கொண்டார். மாமா லாரிப் பக்கம் திரும்பி நின்று அழுதார்.